ஒரு 'வெட்டினா' குறைந்தது

"வெட்டினா மிச்சம் நிக்குமா சார்?"

"நிக்கும்ணே."

அதைப் பற்றி இவ்வளவுதான் பேசினோம். கேட்டவர் கீழ்ப்பழனி மலையில் காப்பிக்கு நடுவே ஆரஞ்சு வைத்திருந்தவர். மறுநாளே நோய் வந்த 31 மரத்தை வேரோடு எடுத்தார்.

நோயைக் கண்டதில் நான் தவறவில்லை. இலையின் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பேனாவால் வட்டம் போட்டுப் பார்த்தேன். துத்தநாகக் குறை என்றால் மஞ்சள் இருபுறமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இங்கே ஒரு வட்டம் பச்சை, எதிர் வட்டம் மஞ்சள். பழம் கோணல், விதை கறுத்துச் சுருங்கியிருந்தது. கிரீனிங்தான், ஆரஞ்சு, எலுமிச்சை வகை மரங்களுக்கு வரும் நோய். வந்த மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது, எடுக்கத்தான் வேண்டும். அதுவரை சரி.

ஆனால் அதைப் பரப்பும் சில்லிட் பூச்சி 3, 4 மில்லிமீட்டர்தான். பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கொழுந்தில் உட்கார்ந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் கவனிப்பாரில்லாத தோட்டம், உரிமையாளர் வெளியூர். அங்கேயும் அதே மஞ்சள். பார்த்தேன். "அவரும் வெட்டினா நிக்கும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

மறந்தேனா? இல்லை. சொன்னால் இவர் வெட்டமாட்டார் என்று தோன்றியது. கொழுந்து வரும்போதெல்லாம் பூச்சிமருந்து அடித்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றும் கணக்குப் போட்டேன். அதையாவது சொன்னேனா என்பது இப்போது நிச்சயமில்லை. கொல்லைக் கறிவேப்பிலையை மட்டும் மறக்காமல் வெட்டச் சொன்னேன், பூச்சி அதிலும் முட்டையிடும் என்று. "ரசத்துக்கு என்ன பண்றது தம்பி?" என்றார் அவர் மனைவி. சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

மூன்றாவது வருஷம் மிச்சமும் மஞ்சளித்தது.

அமெரிக்காவின் புளோரிடாவில் இந்த நோயை 2005இல் கண்டுபிடித்தார்கள், அவ்வளவு பணமும் ஆய்வகமும் இருந்தே ஆரஞ்சு விளைச்சல் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். வெட்டின அன்றே மிச்ச மரங்களிலும் நோய் இருந்திருக்கலாம், அறிகுறி தெரிய வருஷக்கணக்கில்கூட ஆகும். அப்படியானால் பக்கத்துத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லியும் பயனில்லை. இந்த வாதம் எனக்கு ரொம்ப வசதியாக இருக்கிறது, அதனாலேயே நம்ப முடியவில்லை.

போன மாசம் இன்னொருவர் அதையே கேட்டார். இந்த முறை முழுசாகச் சொன்னேன்: "பக்கத்துத் தோட்டத்துலயும் வெட்டினா நிக்கும்ணே."

அவர் வேலிப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப மொதல்ல அவரு வெட்டட்டும் சார்."

நோய் வந்த 14 மரமும் இன்னும் நிற்கின்றன.