களவுக் கணக்குக் கேட்டு ஆர்டிஐ போட்ட கதை

எங்கட பக்கம் ஒரு வீட்டில் களவு போனால், சந்திக்கு வரும்போது அது பத்து வீடாகிவிடும். சனசமூக நிலையக் கூட்டத்தில் ஒருவர் "போன வருசத்தை விட இப்பக் கூட" என்பார், மற்றவர் "முந்தித்தான் மோசம்" என்பார். தெருவிளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்குப் போவதென்றால் வாய்க்கதை போதாது. அதனால் பொலிஸிடமே கணக்குக் கேட்போம் என்று முடிவெடுத்தோம். எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது.

பொலிஸ் திணைக்கள இணையத்தளத்தில் பாரிய குற்றங்களின் ஆண்டுச் சுருக்கம் பிரிவு வாரியாகக் கிடைக்கும். யாழ்ப்பாணம் ஒரு பிரிவு, காங்கேசன்துறை இன்னொன்று. வீடுடைத்துத் திருடுதலுக்குத் தனி நிரல் உண்டு. ஆனால் ஒரு பிரிவுக்குள் எத்தனையோ பொலிஸ் நிலையங்கள். எங்கட ஊருக்கு அந்த எண்ணால் ஒரு பிரயோசனமும் இல்லை.

இதற்குத்தான் ஆர்டிஐ என்கிற 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. படிவம் இருக்கிறது, ஆனால் அது கட்டாயமில்லை, சாதாரண கடிதமே போதும். நான் தமிழில்தான் எழுதினேன்.

என்ன கேட்பது என்பதில்தான் நேரம் போனது. "எங்கள் பகுதிக் களவு விபரம் தரவும்" என்றால் எந்தப் பகுதி, எந்தக் களவு என்று கடிதம் திரும்பிவிடும். ஆகவே பொலிஸ் நிலையத்தின் பெயர், ஆண்டுகள், மாதவாரியான எண்ணிக்கை, வீடுடைத்துத் திருடியது தனியாக, மற்றத் திருட்டுகள் தனியாக, அவற்றில் எத்தனை நீதிமன்றத்துக்குப் போயின என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினேன். பெயர், விலாசம், வழக்கு விபரம் எதுவும் வேண்டாம் என்பதையும் முதலிலேயே போட்டேன். களவு கொடுத்த வீட்டுக்காரரின் விலாசம் எங்களுக்கு எதற்கு?

பொலிஸ் நிலையத்தில் இருந்த பெண் உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார். "அண்ணா, இதுக்குத் தகவல் அலுவலர் இருக்கிறார், அங்க அனுப்புங்கோ" என்றார். பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்தினேன். அந்தத் துண்டு முக்கியம், நாள் எண்ணுவது அதை வைத்துத்தான். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும்.

முடிவு வந்தது. குற்ற விசாரணைக்குப் பாதிப்பாம், தர இயலாதாம். சட்டத்தின் 5 ஆம் பிரிவில் அப்படியொரு விலக்கு உண்மையாகவே உண்டு. ஆனால் 2 ஆம் மாதம் எத்தனை வீடு உடைந்தது என்று சொன்னால் எந்த விசாரணை கெடும்? யாழ்ப்பாணத்தில் சனம் பொலிஸிடம் ஒரு கடதாசி கேட்கவே யோசிக்கும். இப்படி ஒரு பதிலைப் பார்த்தால் பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள். விடக் கூடாத இடம் அதுதான். மறுப்பை மீளப் பார்க்கவென்று இருக்கிற குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம், அவர் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். மேன்முறையீட்டை நான் ஒரு பக்கத்தில் எழுதினேன்: நான் கேட்பது எண்கள் மட்டும், ஏதாவது பகுதி மறைக்கப்பட வேண்டியதென்றால் 6 ஆம் பிரிவின்படி அதை நீக்கி மிச்சத்தைத் தரவும்.

ஆணைக்குழு வரைக்கும் போகத் தேவைப்படவில்லை. முகப்புக் கடிதம் தமிழில், அட்டவணை முழுக்கச் சிங்களத்தில் வந்தது. கொழும்பில் வேலை செய்த பக்கத்து வீட்டு அங்கிளைக் கூப்பிட்டு நிரல் தலைப்புகளை வாசிப்பித்து, பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டோம். ஒளிப்பிரதிக் காசு கேட்கவில்லை. முதல் நான்கு ஏ4 பக்கம் இலவசம்.

அதைக் கூட்டத்தில் வைத்தபோது ஒரு ஐயா கண்ணாடியைப் போட்டு நிரலைப் பார்த்துவிட்டு, "என்ர தண்ணி மோட்டர் இதில எங்க?" என்று கேட்டார். அவர் முறைப்பாடே கொடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் போன வீடும் அப்படித்தான். வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் என்ன போனதென்று ஆட்கள் வந்து திறந்தால்தான் தெரியும். ஆக, அட்டவணை சொல்வது பொலிஸுக்கு எட்டிய களவை மட்டும். தெருவிளக்கு விண்ணப்பத்தில் அந்த வரியையும் சேர்த்தே எழுதி, அட்டவணையின் பிரதியோடு பிரதேச சபைக்குக் கொடுத்திருக்கிறோம். நீதிமன்றத்துக்குப் போனவை என்ற நிரல் வெறுமையாக வந்திருக்கிறது, அதற்குத் தனியாக இன்னொரு கடிதம் போட்டாயிற்று.