'உன்னதங்களிலே' இன்னும் பாடலை

டிசம்பர் 12, வெள்ளி

தீபாவளிக் கூட்டம் வடியறதுக்குள்ள வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கிறிஸ்மஸ் கூட்டம். இது முடிஞ்சா பொங்கல். ஜவுளிக்கடையில நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்கும்னு ஊருக்கே தெரியும். இருக்கை தரணும்னு 2021-லயே சட்டம் வந்தாச்சு. ஸ்டூல் இருக்கு, உட்காரத்தான் நேரமில்லை. ஆனா எனக்கு வலிக்கிறது முகம். மலை மாதிரி புடவையைப் பிரிச்சுப் போடவெச்சுட்டு வெறுங்கையோட எழுந்துபோறவங்ககிட்டயும் "வாங்கக்கா"ன்னு சிரிக்கணும். ராயபுரம் வந்து சேரும்போது புள்ளைங்களுக்குன்னு ஒரு சிரிப்பு மிச்சமில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

கிறிஸ்மஸுக்குக் காத்திருக்கற திருவருகைக் காலத்தோட மூணாவது ஞாயிறு. ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏத்தினாங்க. மகிழ்ச்சி ஞாயிறாம்! மத்த வாரமெல்லாம் ஊதாதான், தவக்காலம் மாதிரி. இந்த ஞாயிறுகள்ல பூசையில 'உன்னதங்களிலே'ங்கிற புகழ்ப்பாட்டு கூடப் பாடறதில்லை, 24 ராத்திரி கிறிஸ்மஸ் பூசைக்குன்னு எடுத்துவெச்சிருக்கு. கோயிலே சந்தோஷத்தைப் பிடிச்சுவெச்சிருக்கு. நாமதான் ஒண்ணாம் தேதியே ஆரம்பிச்சுடறோம்.

வெளியே வந்ததும் அன்பியத்து (எங்க தெருப் பக்கத்து பங்குக் குடும்பங்களோட குழு) அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டாங்க: "தினம் ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ். உன் குரல் இல்லாம எடுபடாதுடி." கீழ் வீட்ல இந்த வருஷம் சாவு, ஸ்டார் கட்டலை. ஏன்னு யாரும் கேட்கலை. நான் கட்டலைன்னா தெருவே கேட்கும். இப்படி நினைக்கிறது பாவமோ என்னவோ.

டிசம்பர் 17, புதன்

தூக்கமும் வரலை, அழுகையும் வரலை. மாடிக்குப் போய் 14416-க்குப் போன் பண்ணினேன். டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க. புத்திமதி சொல்வாங்கன்னு நினைச்சேன். சாப்பிட்டீங்களா, தூங்கறீங்களா, உயிரை விட்டுடலாம்னு தோணுதான்னு நேராவே கேட்டாங்க. "அதெல்லாம் இல்லைம்மா, சிரிக்கத்தான் முடியலை"ன்னேன். அந்தப் பொண்ணு சிரிக்கலை. செய்யற வேலையில எதை நீங்களா ஆசைப்பட்டுச் செய்யறீங்கன்னு கேட்டாங்க. ரொம்ப நேரம் யோசிச்சு, "அச்சுமுறுக்கு"ன்னேன்.

டிசம்பர் 20, சனி

அக்காகிட்ட சொல்லிட்டேன்: எங்க தெரு வர்ற ராத்திரி மட்டும் பாடுவேன். அவங்க முகம் சுண்டிப்போச்சு. அதிரசம் கடையில வாங்கிக்கலாம்னதும் அத்தை, "அதிரசம் சுடாம இன்னாடி கிறிஸ்மஸ்?"னு எழுந்துபோனவங்கதான், சாயந்திரம் வரைக்கும் பேச்சில்லை.

அச்சுமுறுக்குக்கு மட்டும் தேங்காய்ப்பால் விட்டு மாவு கரைச்சேன். முதல் அச்சுல மாவு ஒட்டவே இல்லை. ரெண்டாவதும் அப்படித்தான். ஹால்லேருந்து அத்தை குரல்: "அச்சு காயலை. எண்ணெயிலயே கொஞ்ச நேரம் போட்டு வையி. இதுகூடவா நான் சொல்லணும்?"