நிலமில்லாத மொழிச் சிறுபான்மையினர்

பின்லாந்து அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு மொழியுரிமையைப் பற்றியது. பின்னிய மொழியும் சுவீடிய மொழியும் தேசிய மொழிகள் என்று தொடங்கும் அப்பிரிவு, சாமி பழங்குடியினரும் ரோமா மக்களும் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் பேணி வளர்க்க உரிமை உடையவர்கள் என்று கூறி, சைகை மொழி பேசுவோரின் உரிமைகளும் சட்டத்தால் உறுதி செய்யப்படும் என்று முடிகிறது. 1995இல் அடிப்படை உரிமைகள் திருத்தி எழுதப்பட்டபோது சேர்ந்த அந்த வரியை நான் பெரிதும் மதிக்கிறேன். காது கேளாதோரை நலத்திட்டப் பயனாளிகளாக மட்டும் பாராமல், ஒரு மொழிச் சமூகமாக அது ஏற்றுக்கொண்டது.

அந்த ஏற்பு எளிதில் வந்ததன்று. பிறவியிலேயே காது கேளாத இருவர் ஒருவரையொருவர் மணந்துகொள்வதை அதே நாட்டின் 1929ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் தடை செய்திருந்தது; அத்தடை 1969 வரை நீடித்தது. பள்ளிகளிலோ வாய்ப்பேச்சைப் பழக்குவதற்காகக் குழந்தைகளின் சைகை அடக்கப்பட்டது. இக்கொடுமைகள் தனித்தனி மனிதர்களுக்குத் தற்செயலாக நேர்ந்தவை அல்ல. ஒரு சமூகம் தன்னைத் தொடர்ந்து உருவாக்கிக்கொள்ளும் இரண்டு வழிகளான குடும்பத்தையும் பள்ளியையும் குறிவைத்தே அவை நிகழ்ந்தன. ஆகவே குழுவாக ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிமனித உரிமை மட்டும் கொடுத்தால் ஈடாகிவிடும் என்ற வாதத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

குழு உரிமை என்றதும் நம் மனத்தில் முதலில் எழுவது நிலம். சாமி மக்களுக்கு வடக்கே உத்ஸ்யோக்கி, இனாரி போன்ற தாயகப் பகுதிகள் உள்ளன. 1996 முதல் மொழி, பண்பாட்டுத் தன்னாட்சிக்கென ஒரு சாமி நாடாளுமன்றமும் இயங்குகிறது. ரோமா மக்களுக்கு அத்தகைய நிலம் இல்லை, ஆயினும் பாட்டியிடமிருந்து பேத்திக்கு மொழி செல்லக்கூடிய குடும்பம் உண்டு. காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள் என்பதால், அவர்களுக்கு அந்தக் குடும்ப வழியும் அடைபட்டிருக்கிறது. தங்கள் மொழி பேசும் பிறரை அவர்கள் முதன்முதலில் கூட்டமாகச் சந்திக்கும் இடம் பெரும்பாலும் பள்ளிதான்.

இதற்கு வேதனையான சான்று பின்லாந்தின் போர்வோ நகரம். தாமும் காது கேளாதவரான கார்ல் ஆஸ்கர் மால்ம், 1846இல் அந்நாட்டின் முதல் காது கேளாதோர் பள்ளியை அங்கேதான் தொடங்கினார். பின்னாளில் அந்நகரில் சுவீடிய மொழிக் குடும்பங்களின் காது கேளாத பிள்ளைகளுக்கென இருந்த பள்ளி 1993இல் மூடப்பட்டது. பிள்ளைகளின் படிப்புக்காகச் சில குடும்பங்கள் சுவீடனுக்கே குடிபெயர்ந்தன. அத்தகைய சுவீடிய மொழிக் குடும்பங்களின் காது கேளாதோரிடையே வழங்கும் பின்லாந்து-சுவீடிய சைகை மொழி இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதைப் பேசும் காது கேளாதோர் ஏறத்தாழ நூறு பேரே, அவர்களிலும் முதியவர்களே மிகுதி. பொதுப் பள்ளியில் ஒரு குழந்தைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது அக்குழந்தைக்குப் பாடம் புரிய உதவலாம். ஆனால் இடைவேளையில் அது யாரோடு சண்டையிடும், யாரிடம் கதை கேட்கும்?

2015இல் வந்த சைகை மொழிச் சட்டம் பின்னிய சைகை மொழி, பின்லாந்து-சுவீடிய சைகை மொழி ஆகிய இரண்டையும் பெயர் சொல்லி ஏற்று, அவற்றைப் பேசுவோரின் வாய்ப்புகளை வளர்க்கும் கடமையை அரசு அலுவலகங்களுக்கு விதித்தது. எனினும் அது மிகச் சுருக்கமான சட்டம். அன்றாட வாழ்வுக்கு வேண்டிய மொழிபெயர்ப்புச் சேவை இன்றும் மாற்றுத்திறனாளிகளுக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியேதான் கிடைக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, சைகை மொழிகளையும் காது கேளாதோர் பண்பாட்டையும் ஏற்று ஆதரிக்கச் சொல்கிறது என்பதால், மாற்றுத்திறன் உரிமையும் மொழியுரிமையும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது தெளிவு. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டுக் கணக்கை முடிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். காது கேளாத குழந்தை பிறந்த வீட்டில் பெற்றோருக்குச் சைகை மொழி கற்பிப்பதும், அம்மொழியிலேயே பாடம் நடத்தும் வகுப்புகளைக் காப்பதும் சலுகையாகவன்றி, மொழிச் சிறுபான்மையினருக்கு அரசு செலுத்த வேண்டிய கடனாகவே சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.