அரியர் போட்ட சிவில்-ராணுவ உறவுகள் பேப்பர்: இரண்டாவது முறை எப்படி எழுதினேன்

முந்தாநாள் ரிசல்ட் வந்தது. 100க்கு 68. போன முறை 31. எம்.ஏ.வில் எனக்கு மிச்சமிருந்த ஒரே அரியர் இதுதான். நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். அமெரிக்க அதிபர்-தளபதிகள் யூனிட்டை இந்த முறை எழுதப் போகிறவர்களுக்காக இது.

போன முறை விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். 15 மார்க் கேள்விக்கு ஒரு படம் போட்டிருந்தேன்: மேலே அதிபர், நடுவில் கூட்டுப்படைத் தலைவர் (முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர், Chairman of the Joint Chiefs), கீழே தளபதிகள். அந்த நடுப் பெட்டியைச் சுற்றித் திருத்தியவர் போட்ட ஒரு வட்டம். கறுப்பு வெள்ளை நகலிலேயே பேனாவின் அழுத்தம் தெரிந்தது. 3 மார்க். காசு கொடுத்து வாங்கிய நோட்ஸில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

அந்தப் படம் தவறு. 1986 கோல்ட்வாட்டர்-நிக்கோல்ஸ் சட்டப்படி கூட்டுப்படைத் தலைவர் அதிபருக்கு முதன்மை ராணுவ ஆலோசகர், அவ்வளவுதான். அதிபர், பாதுகாப்புச் செயலர் (நம் பாதுகாப்பு அமைச்சர் போல), காம்பேட்டன்ட் கமாண்டர்கள் (ஒரு பகுதியிலோ பணியிலோ உள்ள படைகளை நடத்தும் தளபதிகள்): கட்டளை இந்த வழியாகத்தான் இறங்கும். அதிபர் விரும்பினால் உத்தரவைக் கூட்டுப்படைத் தலைவர் மூலமாக அனுப்பலாம். அப்போதும் அது கூட்டுப்படைத் தலைவருடைய உத்தரவு ஆகாது. எந்தக் கேள்வி வந்தாலும் முதலில் இந்த அம்புக்குறிகளைப் போடுங்கள். என் 68க்குக் காரணம் இதுதான்.

அடுத்து மெக்ஆர்தர், கொரியப் போரில் படைகளை நடத்திய ஜெனரல். அப்போது அதிபர் ட்ரூமன். 'ட்ரூமனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை' என்று எழுதினால் மார்க் வராது. தேதி வரிசை வேண்டும்:

- 1950 டிசம்பர் 6: கொள்கை பற்றிய பேச்சுக்கு முன்அனுமதி வேண்டும் என்ற உத்தரவு
- 1951 மார்ச் 24: அதை மீறி, சீனாவை மிரட்டும் அறிக்கை
- ஏப்ரல் 5: எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ஜோசப் மார்ட்டினுக்கு அவர் எழுதிய கடிதம் பிரதிநிதிகள் சபையில் வாசிக்கப்பட்டது
- ஏப்ரல் 11: பதவி நீக்கம்

செய்தி முன்கூட்டியே கசிந்துவிடும் என்று பயந்து, வாஷிங்டனில் நள்ளிரவு தாண்டி 1 மணிக்கு நிருபர்களைக் கூப்பிட்டு அறிவித்தார்கள். உத்தரவு கையில் கிடைக்கும் முன்பே டோக்கியோவில் வானொலி சொல்லிவிட்டது. இதைப் படித்த அன்றுதான் எனக்கு இந்தப் பாடம் உயிரோடு தெரிந்தது. அப்புறம் தேதிகளை மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை.

மற்றவை சுருக்கமாக:

- மெக்லெல்லன் (உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் ஜெனரல்): 1862 நவம்பரில் லிங்கன் நீக்கினார். 1864 தேர்தலில் லிங்கனையே எதிர்த்து நின்றார்.
- மெக்கிரிஸ்டல் (ஆப்கனில் படைகளை நடத்திய ஜெனரல்), 2010: கொள்கை மோதல் இல்லை. அவரும் உதவியாளர்களும் சிவிலியன் தலைவர்களை மட்டமாகப் பேசியது பத்திரிகையில் வந்தது. ஒபாமா ஆளை மாற்றினார், ஆப்கன் கொள்கையை மாற்றவில்லை. மெக்ஆர்தரோடு ஒப்பிடச் சொன்னால் இந்த வித்தியாசமே பதில்.
- ஷின்செகி (அப்போதைய தரைப்படைத் தலைமைத் தளபதி), 2003: நீக்கப்பட்டார் என்று எழுதாதீர்கள். இராக்கில் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று செனட் குழுவில் சொன்னார், மேலிடம் மறுத்தது. ஆனால் பதவிக்காலம் முடிந்துதான் ஓய்வு பெற்றார்.

குரூப் ஸ்டடி எனக்குச் சரிப்படவில்லை, உங்களுக்கும் வேண்டாம் என்றே சொல்வேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, வெள்ளைத்தாளில் சரியான அம்புக்குறிப் படத்தைப் பார்க்காமல் போட்டுப் பழகினேன். பரீட்சையில் கடைசி 10 நிமிடம் புதிதாக எதுவும் எழுதவில்லை. அம்புக்குறி ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் பேப்பரைக் கட்டினேன்.