காட்மியம் போகவில்லை, அடங்கியிருக்கிறது

என் வயல் மண்ணில் நச்சு உலோகம் இருக்கிறதா என்று பார்க்க, முதல் மண் மாதிரியைத் துத்தநாகம் பூசிய வாளியில்தான் எடுத்துப் போனேன். ஆய்வகத்தில் இருந்தவர் வாளியைப் பார்த்துவிட்டு, "உலோகத்தை அளக்கக் கேட்டுவிட்டு உலோகத்திலேயே அள்ளி வந்திருக்கிறீர்களே" என்றார். திரும்பி வந்து, பிளாஸ்டிக் குழாயைச் சாய்வாக அறுத்து, வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் எடுத்தேன். வாய்க்கால் மடையை ஒட்டிய மண்ணை மட்டும் தனிப் பையில் கட்டினேன். இந்த விஷயத்தில் நானாக யோசித்துச் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வாய்க்காலின் மேல்பக்கம் உள்ள முலாம் பூசும் பட்டறைகளின் கழிவு பல ஆண்டுகள் அதில் கலந்து வந்திருக்கிறது. ஆய்வு முடிவில், மடையோரம் காட்மியம், ஈயம் என்ற நச்சு உலோகங்கள் மிகுதி. வயலின் மறுகோடியில் பாதிகூட இல்லை. நான் காட்மியத்தின் எண்ணைப் பார்த்துக் கலங்கினேன். மண் ஆய்வாளர் விரல் வைத்ததோ பி.எச். 5.2 என்ற வரியில். பி.எச். என்பது அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய மண் அமிலம். அமில மண்ணில் காட்மியம் எளிதாகக் கரைந்து வேருக்குப் போய்விடும், பி.எச். ஏற ஏற மண் துகள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். "முதலில் மடையை அடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் சுண்ணாம்பு" என்றார். அன்று மாலையே மடையை மண் போட்டு அடைத்தேன்.

பாஸ்பேட் ஈயத்தைக் கரையாத தாதுவாக மாற்றிவிடும் என்று படித்திருந்ததால் ராக் பாஸ்பேட் என்ற பாறைத்தூள் உரத்தைக் கொட்டிவிடத் துடித்தேன். மண்ணில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறதா பார்த்தீர்களா என்று ஆய்வாளர் ஒரு கேள்வி கேட்டார். பாஸ்பேட்டும் ஆர்சனிக்கும் மண்ணில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை; இதைப் போட்டால் அது கிளம்பி நீரில் கலந்துவிடும். போதாக்குறைக்குச் சில ராக் பாஸ்பேட்டில் காட்மியமே இருக்கும். ஆர்சனிக் குறைவு என்று முடிவு வந்தும் நான் பாஸ்பேட் பக்கம் போகவில்லை.

மடையோரத்தை நான்கு பாத்திகளாகப் பிரித்தேன். ஒன்று வெறும் பாத்தி. ஒன்றில் சுண்ணாம்பு மட்டும். மூன்றாவதில் சுண்ணாம்பும் மக்கிய தொழு உரமும். நான்காவதில் சுண்ணாம்பும், தாவரக் கழிவைக் காற்றுப் புகாமல் சுட்டெடுத்த உயிர்க்கரியும். சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், சுண்ணாம்புக்கல் தூள் போதும் என்றார்கள். என் களிமண்ணுக்குக் கணக்கிட்டுச் சொன்ன அளவு ஏக்கருக்கு 2 டன். மணல் பாங்கான நிலத்துக்கு இவ்வளவு தேவைப்படாது. நல்ல காற்றில் தூவி, பாதித் தூளை என் இமையிலும் பக்கத்து வயலிலும் சேர்த்தேன். மறுநாள் விடியலில் லேசாக நீர் தெளித்துப் பிசிறிவிட்டுத் தூவினேன். இரண்டு முறை ரோட்டவேட்டர் ஓட்டி, ஒன்றரை மாதம் கழித்துக் கீரை விதைத்தேன். இலைக்கு உலோகம் ஏறுகிறதா என்று பார்க்கக் கீரையைப் போல் காட்டிக்கொடுக்கும் பயிர் குறைவு.

சுண்ணாம்புப் பாத்திகளில் முதலில் தெரிந்தது, இலை மஞ்சளித்ததுதான். காட்மியத்தைப் பிடித்து வைக்கும் அதே பிடி, பயிருக்கு வேண்டிய துத்தநாகத்தையும் விடவில்லை. துத்தநாக சல்பேட் கரைசலை இலைமேல் தெளித்த பிறகே பச்சை திரும்பியது.

அறுவடைக்குப் பின் வந்த அறிக்கையில் மொத்தக் காட்மியம் ஏறக்குறைய அதே எண். எரிச்சலாக இருந்தது. ஆனால் அது குறையாது. எதையும் நாம் வெளியே எடுக்கவில்லையே. பார்க்க வேண்டியது, பயிர் எடுக்கக்கூடிய உலோகத்தைக் கணிக்க ஆய்வகம் பயன்படுத்தும் டி.டி.பி.ஏ. கரைசலில் கரைந்து வரும் பங்கும், இலையில் ஏறிய அளவும். தொழு உரம் சேர்த்த பாத்தியில் கரையும் காட்மியம் ஏறத்தாழ பாதியாகியிருந்தது. கீரையில் காட்மியத்துக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பின் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். வெறும் பாத்தியின் இலை அதைத் தாண்டியது, சுண்ணாம்புப் பாத்திகளுடையவை உள்ளே நின்றன. உயிர்க்கரிப் பாத்தி சுண்ணாம்பு மட்டும் போட்டதைவிடப் பெரிதாக எதையும் காட்டவில்லை. வேறு கரி, வேறு மண் என்றால் கதை வேறாகலாம்.

அடுத்த பருவத்தில் பழக்கதோஷத்தில் அம்மோனியம் சல்பேட் போட்டேன். 6.6-க்கு ஏறியிருந்த பி.எச். 6.1-க்கு இறங்கிவிட்டது. அந்த உரம் மண்ணை அமிலமாக்கும் என்பது எனக்குத் தெரியும், கைதான் கேட்கவில்லை. இப்போது பருவத்துக்கு ஒருமுறை பி.எச். பார்க்கிறேன். மடையோரத்தில் விற்பனைக்குப் பூச்செடி மட்டும்.

வெறும் பாத்திக்கும் இந்த முறை சுண்ணாம்பு போட்டுவிடலாமா என்று ஆய்வாளரிடம் கேட்டேன். "போட்டுவிட்டால் மற்றதை எதோடு ஒப்பிடுவீர்கள்?" என்றார். அது அப்படியே கிடக்கிறது.