சி.ஆர்.ஏ பாஸ்: ஆபீஸ் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போங்கள்

சி.ஆர்.ஏ, அதாவது ஆய்வு நிர்வாகிகளுக்கான சான்றிதழ்த் தேர்வு, பாஸ். இனி ஐந்து வருடத்துக்கு இந்தப் பேச்சே கிடையாது. அதற்கப்புறம் புதுப்பிக்க வேண்டும், அந்தக் கவலை அப்போது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு நிர்வாகத்தில் இருக்கும் நம்மாட்கள் சிலர் குறிப்பு கேட்டிருந்தார்கள். மொத்தத் தேர்வுக்கும் எழுத எனக்குப் பொறுமை இல்லை. 250 கேள்வி, நான்கு மணி நேரம், யார் எழுதலாம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்லப் போவது ஒரே ஒரு மூலையைப் பற்றி: ஃபெடரல் கிராண்ட் (அமெரிக்க மத்திய அரசின் ஆய்வு மானியம்) பணத்தில் ஒரு வெண்டரிடம் (விற்பனையாளரிடம்) வாங்கலாமா, கூடாதா என்று சலித்துப் பார்க்கிற விஷயம். பாடத்திட்டத்தில் சின்ன இடம்தான். ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது இதனால்தான்.

காரணம் இது. கொள்முதல் பக்கம் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் கஷ்டம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் புது வெண்டர் சேரும்போதே ஏதோ ஒரு மென்பொருள் அரசின் எல்லாத் தடைப் பட்டியலிலும் தட்டிப் பார்த்துவிடும். தொகை 300 டாலரா 3 லட்சமா என்று அது கேட்காது. அந்த வேலையில் ஊறிய கை, "சரிபார்க்க வேண்டுமா?" என்று எந்தக் கேள்வி வந்தாலும் "ஆமாம்" பக்கம்தான் போகும். தேர்வு கேட்பது உங்கள் பல்கலைக்கழகக் கொள்கையை அல்ல, விதியை. விதி பல இடங்களில் நம் ஆபீஸை விடத் தளர்வானது, சில இடங்களில் இறுக்கமானது. இது ஒன்று பிடிபட்டால் போதும். மற்றதெல்லாம் மனப்பாடம்.

எதைப் படிப்பது? 2 சி.எஃப்.ஆர் 180, அதாவது ஃபெடரல் விதித்தொகுப்பில் தடை செய்யப்பட்டவர்களைப் பற்றிய பகுதி. அதிலும் 210, 220, 300, 310 என்ற பிரிவுகள். அவ்வளவுதான். 1986-இல் ரீகன் போட்ட 12549-ஆம் எண் ஆணையும், 1989-இல் மூத்த புஷ் போட்ட 12689-உம்தான் இதன் வேர். வரலாறு கேட்டால் அந்த இரண்டு எண்கள் போதும். கிராண்டுகளுக்கான பொது விதிகள் இருக்கும் 200-ஆம் பகுதியில், 2 சி.எஃப்.ஆர் 200.214 ஒரு கைகாட்டி மரம், "180-க்குப் போ" என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. பழைய குறிப்புகளில் இது 200.213 என்று இருக்கும், 2020 திருத்தத்தில் எண் நகர்ந்துவிட்டது.

220-ஐ மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். கிராண்ட் பணத்தில் போடும் ஒப்பந்தம் எப்போது இந்தத் தடை சரிபார்ப்பு வலைக்குள் வரும்? தொகை 25,000 டாலராகவோ அதற்கு மேலாகவோ இருக்கும் என்று எதிர்பார்த்தால். அல்லது ஃபெடரல் அதிகாரியின் ஒப்புதல் தேவைப்படும் ஒப்பந்தமாக இருந்தால். அல்லது ஃபெடரல் விதிப்படி கட்டாயமான தணிக்கைச் சேவையாக இருந்தால், அது எத்தனை டாலராக இருந்தாலும் சரி. "25,000-ஐத் தாண்டினால்" என்று இல்லை, கவனியுங்கள். சரியாக 25,000-க்கு நிற்கும் பர்ச்சேஸ் ஆர்டரும் உள்ளேதான்.

சப்அவார்டுக்கு (கிராண்டில் ஒரு பகுதியை ஆய்வு வேலைக்காக இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துத் தருவது) இந்த வரம்பே கிடையாது. 8,000 டாலர் சப்அவார்டுக்கும் சரிபார்ப்பு உண்டு, 24,000 டாலர் மைக்ரோஸ்கோப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு இந்த விதிப்படி கிடையாது. வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கும் என் நண்பன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, "என்னடா, சின்னத் தொகைக்குப் பிடுங்கல், பெரிய தொகைக்குச் சலுகையா?" என்றான். அதனால்தான் எந்தக் கேள்வியிலும் டாலரைப் பார்ப்பதற்கு முன்னால் உறவைப் பாருங்கள். எதிரில் இருப்பவர் ஆய்வின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் செய்கிறாரா, கடையில் விற்பதை நமக்கும் விற்கிறாரா? முதலாமவர் சப்ரெசிபியன்ட், இரண்டாமவர் கான்ட்ராக்டர். இதற்கு 200.331. கேள்வியில் ஒப்பந்தத்துக்கு என்ன தலைப்பு வைத்திருக்கிறார்கள் என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள், உள்ளே நடக்கும் வேலைதான் கணக்கு.

இப்போது 25,000 என்ற எண்ணைப் பற்றி. ஒரே வகுப்பில் மூன்று குமார் இருந்தால் இனிஷியல் சொல்லித்தானே கூப்பிடுவோம், இதையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

- தடை சரிபார்ப்பின் 25,000: அப்படியே இருக்கிறது.
- மறைமுகச் செலவு (கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவு) கணக்கிடும்போது ஒவ்வொரு சப்அவார்டிலும் சேர்த்துக்கொள்ளும் முதல் 25,000: 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 50,000 ஆகிவிட்டது.
- சப்அவார்டை அரசுத் தளத்தில் அறிக்கை செய்வதற்கான 25,000: 2020-லேயே 30,000 ஆகிவிட்டது.

நான் காசு கட்டி வாங்கிய ஒரு பயிற்சி வகுப்பின் ஸ்லைடுகளில் மூன்று குமாரும் பழைய சட்டையிலேயே நின்றார்கள். நிறுவனங்களுக்கான பழைய அடையாள எண்ணான டன்ஸ் எண் கூட அப்படியே இருந்தது! 2022 ஏப்ரல் 4-ஆம் தேதியே அது போய், 12 எழுத்து-எண் கொண்ட யூ.இ.ஐ வந்தாயிற்று. கேட்டால் "அடிப்படை மாறவில்லையே" என்று பதில். வகுப்பின் பெயர் வேண்டாம், எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம்தான் ஏறும். காசு கட்டுவதற்கு முன்னால் ஸ்லைடில் தணிக்கை வரம்பு (வருடத்தில் எவ்வளவு ஃபெடரல் பணம் செலவழித்தால் தணிக்கை கட்டாயம் என்ற தொகை) என்ன போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். 7,50,000 என்றால் பழசு. 10 லட்சம் என்றால் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்து 300. எனக்கு மார்க் வாங்கித் தந்தது இந்தப் பிரிவுதான் என்று சத்தியம் செய்வேன். எதிராளி தடை செய்யப்பட்டவர் இல்லை என்று உறுதி செய்ய மூன்று வழி: சாம் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் விலக்கப்பட்டோர் பட்டியலைப் பார்ப்பது, அவரிடமிருந்து உறுதிமொழி வாங்குவது, ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து சேர்ப்பது. மூன்றுக்கும் நடுவில் இருப்பது "அல்லது". நம்மில் யாரும் தளத்தைப் பார்க்காமல் விடுவதில்லை. அதனால் "சாம் தளத்தில் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும்" என்ற விருப்பம் கண்ணை இழுக்கும். விதிப்படி அது மூன்றில் ஒன்று, அவ்வளவே.

சாம் தளம் என்றதும் இன்னொரு குழப்பம். அங்கே பதிவு செய்திருப்பது வேறு, அங்கே விலக்கப்பட்டிருப்பது வேறு. பெயரைத் தேடி "பதிவு இல்லை" என்று வந்தால் வெண்டர் தகுதியற்றவர் என்று அர்த்தமில்லை. சாதாரண கான்ட்ராக்டர் அங்கே பதிவு செய்யவே தேவையில்லை. சப்ரெசிபியன்டுக்கு யூ.இ.ஐ வேண்டும், ஆனால் முழுப் பதிவு கட்டாயமில்லை.

விலக்கப்பட்டோர் பட்டியலில் பெயர் வந்துவிட்டாலும் உடனே கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் கண்ணாடிக் குழாய், வேக்வம் லைன் எல்லாம் சரிசெய்து தரும் ஒரு சின்னப் பட்டறைக்காரர் இருக்கிறார். தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர் அவருக்கு. தேடினால் அதே பெயரில் வரிசையாக ஆட்கள். ஒருவர் மீதான தடையைப் போட்டது ஹெச்.ஹெச்.எஸ் (அமெரிக்கச் சுகாதாரத் துறை), முகவரி வேறு மாநிலம், தொழில் நர்ஸ். நம் ஆள் இவர் இல்லை என்பதற்கு முகவரி, நடுப்பெயர், தடை போட்ட துறை எல்லாவற்றையும் ஒப்பிட்டு, தேதி தெரியும்படி பக்கத்தை பி.டி.எஃப் எடுத்து ஃபைலில் வைத்தால்தான் ஆடிட்டர் ஒத்துக்கொள்வார். அதிலும் தெளியவில்லை என்றால் தடை போட்ட துறையையே கேட்க வேண்டும். பெயர் ஒத்துப்போவது விசாரணையின் ஆரம்பம் மட்டுமே.

மற்ற பட்டியல்களை விறுவிறுவென்று சொல்லிவிடுகிறேன்.

ஓஃபாக்: கருவூலத் துறையின் பொருளாதாரத் தடைப் பட்டியல். கிராண்ட் பணமா சொந்தப் பணமா என்ற பேச்சே இல்லை, தொகை வரம்பும் இல்லை. பட்டியலில் உள்ளவர்கள் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம், தன் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும் முடக்கப்பட்டதுதான்.

எல்.இ.ஐ.இ: சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வைத்திருக்கும் விலக்குப் பட்டியல். மெடிகேர், மெடிகெய்டு போன்ற திட்டங்களின் பணத்தோடு சம்பந்தப்பட்டது. மருத்துவமனை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் எல்லோரையும் இதில் தேடும். மறுபடியும் அது ஆபீஸ் பழக்கம்.

வணிகத் துறையின் என்டிட்டி லிஸ்ட்: இது ஏற்றுமதிக்கானது. பட்டியலில் உள்ள நிறுவனத்திடம் வாங்குவதை மட்டும் அது தடுக்காது. ஆனால் வாங்கிய லேசர் பழுதாகி, சரிசெய்ய அதே நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பினால் அது ஏற்றுமதி. அங்கே லைசென்ஸ் கேள்வி வரும். இதைப் பேராசிரியர்களுக்குப் புரியவைப்பது தேர்வை விடக் கஷ்டம்.

200.216: 2020 ஆகஸ்ட் 13 முதல். கிராண்ட் பணத்தில் வாங்கக் கூடாத சீனத் தொலைத்தொடர்பு, கண்காணிப்புக் கருவிகள் பற்றியது: ஹுவாவே, இசட்.டி.இ, ஹைட்டேரா, ஹிக்விஷன், தாஹுவா. விதி நம் ஆபீஸை விட இறுக்கமாக இருக்கும் இடம் இதுதான். தொகை வரம்பு இல்லை, கிரெடிட் கார்டில் வாங்கிய சின்ன ரௌட்டரும் மாட்டும். முதல் இரண்டுக்கும் மற்ற மூன்றுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பின்னவை மூன்றுக்கும் பொதுப் பாதுகாப்பு, அரசுக் கட்டடக் காவல், முக்கியக் கட்டமைப்புக் கண்காணிப்பு, தேசப் பாதுகாப்பு என்ற நோக்கங்கள் சட்டத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

பட்டியலில் இல்லை என்பதாலேயே ஒரு வெண்டர் தகுதியானவர் ஆகிவிட மாட்டார். நேர்மை, பழைய வேலைகளின் தரம், பணபலம், தொழில்நுட்பத் திறன் எல்லாம் பார்த்துப் பொறுப்பானவருக்குத்தான் தர வேண்டும் என்கிறது 200.318. இன்னொரு பக்கம், எல்லாப் பட்டியலிலும் சுத்தமாக இருப்பவரும் ஒரு குறிப்பிட்ட ஏலத்தில் மட்டும் தகுதி இழக்கலாம். கருவிக்கான விவரக்குறிப்பை எழுதிக் கொடுத்த கம்பெனியே அந்த ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது, 200.319. லேபில் தினமும் நடக்கும் சங்கதி இது. பி.ஐ. (பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டர், ஆய்வை நடத்தும் பேராசிரியர்) விற்பனைப் பிரதிநிதியிடம் "நீங்களே ஒரு டிராஃப்ட் அனுப்புங்க" என்பார். அந்த வேர்டு ஃபைலை அப்படியே நமக்குத் தள்ளிவிடுவார், ஃபைலின் ஆசிரியர் பெயரில் கம்பெனிப் பெயர் பளிச்சென்று இருக்கும்.

படிக்கும் முறை பற்றிக் கேட்டவர்களுக்கு. என் வழி எல்லோருக்கும் ஒத்துவராது, தெரியும். இருந்தாலும்:

- குரூப் ஸ்டடி வேண்டாம். ஒவ்வொருவரும் தன் பல்கலைக்கழகக் கொள்கையைத்தான் விதி என்று சொல்வார்கள். நமக்கு இருக்கும் வியாதியைப் பத்துப் பேரோடு பகிர்ந்துகொண்டு என்ன பயன்?
- ஃப்ளாஷ் கார்டு எனக்கு ஆகாது. எண் ஞாபகம் இருக்கும், அது யாருடைய எண் என்பது மறந்துபோகும்.
- விடியற்காலையில் காபியோடு விதியின் மூல வாசகத்தைச் சத்தமாகப் படியுங்கள். "அல்லது", "மற்றும்", "தவிர" வரும் இடங்களில் பென்சிலால் வட்டம்.
- மைக்ரோ பர்ச்சேஸ் (போட்டி விலை கேட்காமல் வாங்குவது), எளிய கொள்முதல் (முறையான ஏலம் இல்லாமல் வாங்குவது) வரம்புகள் 2025 அக்டோபர் 1-இல் 15,000, 3,50,000 ஆக உயர்ந்தன. முன்பு 10,000, 2,50,000. உங்கள் தேர்வு எந்தத் தேதி வரையிலான விதிகளைக் கேட்கிறது என்று தேர்வு நடத்தும் கவுன்சிலின் கையேட்டில் பார்த்துவிட்டு மனப்பாடம் செய்யுங்கள்.
- டிபார்மென்ட் (தடை) பொதுவாக மூன்று வருடத்துக்கு மேல் போகாது. சஸ்பென்ஷன் (இடைநிறுத்தம்) என்பது தற்காலிகம். முன்னதற்கு ஆதாரத்தின் பாரம் ஒரு பக்கம் சாய வேண்டும், பின்னதற்குப் போதுமான ஆதாரம் இருந்தால் போதும்.
- தடை விதியில் வரும் பிரின்சிபல் (முக்கியப் பொறுப்பில் இருப்பவர்) என்ற சொல்லுக்குள் பிரின்சிபல் இன்வெஸ்டிகேட்டரும் அடக்கம். வெண்டரை மட்டும் பார்த்துவிட்டு நம் ஆளைப் பார்க்காமல் விடக்கூடாது.

தேர்வில் வந்த கேள்விகளை எழுதக் கூடாது, கேட்காதீர்கள். இது நானே செய்துகொண்ட மாதிரி. ஒரு வெண்டரோடு 60,000 டாலருக்கு இரண்டு வருடப் பராமரிப்பு ஒப்பந்தம். போட்டபோது அவர் சுத்தம். எட்டாம் மாதம் ஒரு ஃபெடரல் துறை அவரைத் தடை செய்கிறது. என்ன செய்வீர்கள்?

விடை 310-இல் இருக்கிறது. தடைக்கு முன்பே இருந்த ஒப்பந்தம் என்பதால் தொடரலாம், தொடர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துறை விலக்கு அளித்தாலொழிய புதுப்பிக்கவோ நீட்டிக்கவோ முடியாது. கூடுதல் செலவில்லாத கால நீட்டிப்புக்கு மட்டும் விதிவிலக்கு. விருப்பங்களில் முதலாவதாக "உடனடியாக ரத்து செய்ய வேண்டும்" என்று ஒன்று அழகாக உட்கார்ந்திருக்கும். உங்கள் ஆபீஸ் வக்கீல் அதைத்தான் சொல்வார். அதை டிக் செய்யாதீர்கள்.