வார்டில் கோபம் வரும்போது: செவிலியரின் உணர்வறிவும் பணி நிறைவும்

நம் மருத்துவமனைகளில் இரண்டு வகை இன்சுலின் குப்பிகள் புழங்குகின்றன. ஒன்றில் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பி மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், நோயாளிக்குப் போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இது எல்லா ஸ்டாஃப் நர்ஸுக்கும் தெரியும். ஆனால் இரண்டு நிமிடம் முன்பு யாரோ முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போயிருந்தால், கண் சிரிஞ்சு மூடியின் நிறத்தைப் பார்த்தாலும் மனம் அந்த வார்த்தையிலேயே நிற்கும். தெரிந்தவர் கையிலும் தவறு நடப்பது அப்படித்தான்.

உணர்வறிவு (எமோஷனல் இன்டெலிஜென்ஸ்) என்றதும் இனிமையாகப் பேசுவது, பொறுத்துப்போவது என்றே பயிற்சி வகுப்புகளில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 1990-ல் உளவியலாளர்கள் பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் இதை வரையறுத்தபோது சொன்னது வேறு. தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, அவற்றைப் பிரித்தறிந்து, அந்தத் தகவலைக் கொண்டு சிந்தனையையும் செயலையும் நடத்துவது. வார்டில் இதற்கு நேரடியான பொருள் உண்டு. திட்டு வாங்கிய கையோடு இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் ஆபத்தான மருந்துகளைத் தனியாக இழுக்கக் கூடாது. "சிஸ்டர், எனக்குக் கை நடுங்குது, இந்த டோஸைப் பாத்துச் சொல்லுங்க" என்று பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிக் கேட்கும்போது நம் கணக்கின் விடையை முன்னதாகச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவர் தலையாட்டிவிடுவார். குப்பியையும் கேஸ் ஷீட்டையும் கொடுத்து, அவரே கணக்குப் போடட்டும்.

அதிகம் சண்டை வருவது டிரிப்ஸ் விஷயத்தில். "பாட்டில் காலியாகி ரத்தம் ஏறுது, ஒருத்தரும் எட்டிக்கூடப் பாக்கல" என்று அட்டெண்டர் (நோயாளியுடன் இருப்பவர்) சத்தம் போடுவார். "டென்ஷன் ஆகாதீங்க" என்றால் கோபம் கூடும். "எனக்கு இன்னும் நாப்பது பேஷண்ட் இருக்காங்க" என்பது உண்மையாகவே இருந்தாலும், அவர் காதில் 'உங்க ஆள் முக்கியமில்ல' என்றுதான் விழும். முதலில் குழாயின் கிளாம்பை மூடுங்கள். பிறகு அவர் பக்கம் உடம்போடு திரும்பி, "ரத்தத்தைப் பாத்து பயந்துட்டீங்க, இல்லையா?" என்று கேளுங்கள். கோபத்துக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் பயம்தான். காற்று உள்ளே போய்விடுமோ என்ற பயம். பாட்டில் காலியாகி அழுத்தம் குறைந்ததால் ரத்தம் பின்னுக்கு ஏறியது, ஊசி அடைத்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம் என்று இரண்டு வரியில் சொன்னால் குரல் தானாக இறங்கும்.

இந்தச் சண்டையே வராமல் தடுக்கவும் வழி இருக்கிறது. 500 மில்லி பாட்டில், மணிக்கு 100 மில்லி வேகம் என்றால் ஐந்து மணி நேரம். காலை 10 மணிக்கு மாட்டும்போதே, "மூணு மணிக்கு முடியும்மா, மருந்து பாட்டில் கழுத்துக்கு வந்ததும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டால், காத்திருப்பவருக்கு ஒரு வேலையும் ஒரு நேரமும் கிடைத்துவிடுகிறது. பத்து நிமிடத்தில் வர முடியும் என்று தோன்றினால் இருபது என்று சொல்லுங்கள். சொன்ன நேரம் தவறினால் அடுத்த சொல்லை யாரும் நம்பமாட்டார்கள்.

பயத்தை அடையாளம் கண்டு பேசுபவருக்கும், உள்ளே கொதித்தபடி முகத்தில் மட்டும் சிரிப்பை ஒட்டிக்கொள்பவருக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. ஷிஃப்ட் முடியும்போது அவர்களுக்கே தெரியும். ஒட்டவைத்த சிரிப்பு மனச்சோர்வோடும் குறைந்த பணி நிறைவோடும் சேர்ந்தே வருகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 'எப்போதும் புன்னகையுடன்' என்று நர்ஸிங் ஸ்டேஷனில் போர்டு மாட்டும் நிர்வாகங்கள் இதை யோசிக்க வேண்டும். கை ஓங்கப்படும் இடத்தில் இந்தத் திறமை எதுவும் செல்லாது. இரண்டு கை தூரம் பின்வாங்கி, வெளியேறும் வழியை நம் பக்கம் வைத்துக்கொண்டு செக்யூரிட்டியை அழைக்க வேண்டும். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறைக்குத் தமிழ்நாட்டின் 2008-ம் ஆண்டுச் சட்டத்தில் 3 முதல் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

மரணம் நடந்த பிறகு வருவது வேறு வகைக் கனம். சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முயற்சி) நிறுத்திய சில நிமிடங்களில் குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, பதிவேடு எழுதி, அடுத்த கட்டில் நோயாளிக்குச் சிரித்த முகத்துடன் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜோனாதன் பார்ட்டெல்ஸ் இதற்கு எளிய வழக்கம் ஒன்றைத் தொடங்கினார். இறந்தவருக்காகவும் காப்பாற்ற முயன்றவர்களுக்காகவும் குழு முழுவதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக அமைதியாக நிற்பது. செலவில்லை, எந்த மதச் சடங்கும் இல்லை. நம் ஐ.சி.யு.க்களில் இது வழக்கமாக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இத்தனை திறமையையும் ஆள் பற்றாக்குறை தின்றுவிடும். இந்திய நர்ஸிங் கவுன்சில் நெறிப்படி, பயிற்சி மருத்துவமனைகளின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்ற பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். நைட் டூட்டியில் நாற்பது பேருக்கு ஒருவரை நிறுத்திவிட்டு உணர்வறிவுப் பயிற்சிக்கு அனுப்புவது நியாயமில்லை. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு 2015-ல் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, பணி நிரந்தரம் கேட்டு 2017-ல் சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்தில் உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தை மூச்சுப் பயிற்சியால் தீர்க்க முடியாது. அது சரியான கோபம்.

ஆனால் சம்பளமும் ஆள் எண்ணிக்கையும் மாறாத மாதத்திலும் ஹெட் நர்ஸ் கையில் சில விஷயங்கள் இருக்கின்றன. டூட்டி லிஸ்ட்டை இரண்டு வாரம் முன்னதாக ஒட்டலாம். குழந்தை இறந்த கட்டிலைப் பார்த்தவருக்கு மறுநாள் வேறு பக்கம் கொடுக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரில் "12-ம் பெட் பிரச்சனை பார்ட்டி" என்ற பேச்சை நிறுத்தலாம். அப்படிச் சொன்னால் வருகிற ஷிஃப்ட் அந்தக் கட்டிலைத் தவிர்க்கும், கோபம் வளரும். "12-ம் பெட் மகளுக்கு ஸ்கேன் ரிசல்ட் இன்னும் யாரும் சொல்லல, 11 மணிக்கு டாக்டரப் பாக்க வச்சிடுங்க" என்று கொடுத்தால், வருபவர் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்து அந்தக் கட்டிலுக்குப் போவார்.